99 எண்ணில் இரண்டு பேர்: ஜே.ஜே. வாட்டா, ஆரன் டொனால்டா?

இரண்டு பேரும் 99 எண் சட்டை போட்டவர்கள். இரண்டு பேரும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ‘ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்’ விருதை மூன்று மூன்று முறை வாங்கியவர்கள். இவர்களுக்கு முன் அதை மூன்று முறை வாங்கிய ஒரே ஆள் லாரன்ஸ் டெய்லர். இரண்டு பேரின் சிறந்த சீசனிலும் சாக் எண்ணிக்கை 20.5. மொத்தக் கணக்கில்கூட பெரிய இடைவெளி கிடையாது: வாட் 151 ஆட்டங்களில் 114.5 சாக், டொனால்ட் 154 ஆட்டங்களில் 111.

ஒரு 99 ஜெர்சி மட்டும்தான் வாங்குவது என்று முடிவு செய்தபோது நான் ராம்ஸ் அணியின் டொனால்ட் ஜெர்சியை எடுத்தேன். வாட் ஆடிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் ரசிகர்களான என் நண்பர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்கக் கால்பந்து பழக்கம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தை வாங்கி எறிபவர் குவாட்டர்பேக். அவரைக் காக்க முன்வரிசையில் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்துப் போய், பந்தை எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கைச் சாய்ப்பதுதான் சாக். வாட், டொனால்ட் இருவருமே டிஃபென்ஸ் பக்கத்து, அதாவது எதிரணியைத் தடுக்கும் பக்கத்து முன்வரிசை ஆட்கள். வேலை ஒன்றுதான். ஆனால் நிற்கும் இடம், உடம்பு, ஆட்ட வாழ்க்கை போன விதம் எல்லாமே வேறு.

வாட்டிலிருந்து தொடங்குகிறேன். உச்சம் என்று பார்த்தால் அவருக்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சண்டை இல்லை. விஸ்கான்சின் மாநிலத்துப் பையன். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக, அதாவது பந்து பிடிக்கும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த உதவித்தொகையை விட்டுவிட்டு, எந்த உத்தரவாதமும் இல்லாமல் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்கு மாறினார். இடையில் பீட்சா டெலிவரி செய்து காலத்தை ஓட்டினார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2011இல் நடந்தபோது, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அவரை 11ஆவது இடத்தில் எடுத்தபோது அந்த ஊர் ரசிகர்களே கத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே சீசனின் முடிவில், சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில், அவர்களின் குவாட்டர்பேக் ஆண்டி டால்டன் எறிந்த பந்தைக் கை நீட்டிப் பிடித்து, எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார். எதிர்ப்பு அன்றோடு அடங்கியது.

அதற்குப் பிறகு வந்த நான்கு சீசன்களை எந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் சீசன்களோடு வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். 2012இல் 20.5 சாக். அதோடு 16 பந்துகளைத் தட்டிவிட்டார். முன்வரிசையில் நிற்கும் ஒருவர், பின்னால் நிற்கும் கார்னர்பேக் அளவுக்குப் பந்துகளைத் தட்டிவிடுவது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம். 6 அடி 5 அங்குல உயரம், நீண்ட கை. குவாட்டர்பேக்கை நெருங்க முடியாவிட்டாலும் கையைத் தூக்கினால் போதும், பந்து கீழே விழும். 2014இல் மறுபடியும் 20.5 சாக். அந்த ஆண்டு ஐந்து டச்டவுன்: ஒன்று எதிரணியின் பாஸைப் பிடித்து, ஒன்று நழுவிய பந்தை எடுத்து, மூன்று தன் அணி பந்து வைத்திருக்கும்போது உள்ளே இறங்கி டைட் எண்டாகப் பிடித்தவை. லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரரைத் தேர்வு செய்யும் எம்விபி வாக்கெடுப்பில் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு 31, வாட்டுக்கு 13. டிஃபென்ஸ் ஆட்டக்காரர் எம்விபி ஆவது 1971இல் ஆலன் பேஜ், 1986இல் லாரன்ஸ் டெய்லர் என்று இரண்டே முறை நடந்திருக்கிறது. அந்த வரிசைக்கு அவ்வளவு அருகில் போனார் வாட். 2015இல் 17.5 சாக், மூன்றாவது விருது. அந்த ஆண்டுக் கடைசியில் கை உடைந்து, பெரிய கட்டோடுதான் ஆடினார்.

இந்த 2012, 2014 ஆட்டங்களைப் பின்னாளில் பதிவுகளாகத்தான் முழுசாகப் பார்த்தேன். வாராவாரம் நேரலையில் பார்த்தவர்களுக்கு இருந்த அதிர்ச்சி எனக்கு அதே அளவில் இருந்திருக்க வழியில்லை. என் சாய்வில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

டொனால்ட் பிட்ஸ்பர்க்காரர். பென் ஹில்ஸ் பள்ளி, அப்புறம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். சிறுவனாக இருந்தபோதே அப்பா விடியற்காலையில் எழுப்பி வீட்டின் அடித்தளத்தில் எடை தூக்க வைத்தார். கல்லூரியில் 2013 சீசனில் நகுர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லண்ட், லொம்பார்டி என்று அவர் இடத்தில் ஆடுபவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய விருதுகள் எல்லாம் அவருக்கே. ஆனாலும் 2014 டிராஃப்டில் 13ஆவது இடம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரை எடுத்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ் (பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன அணி) அணியே அதே இரவில் 2ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்திருந்தது. காரணம் உயரம். 6 அடி 1 அங்குலம், 285 பவுண்டு. டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டாக்கிளுக்கு 300 பவுண்டுக்குக் குறையாத உடம்பு வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் பொதுவான நம்பிக்கை. 40 யார்டை 4.68 வினாடியில் ஓடிக் காட்டியும் சந்தேகம் தீரவில்லை. முதல் சீசனிலேயே 9 சாக், டிஃபென்ஸ் பக்கத்தின் சிறந்த புதுமுக விருது. பிறகு யாரும் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை.

டொனால்டை எடைபோடும்போது அவர் எங்கிருந்து தாக்கினார் என்பதை மறக்கக் கூடாது. சாக் எண்ணிக்கையில் பெரும்பாலும் ஓரத்தில் இருந்து வருபவர்கள்தான் முன்னணியில் இருப்பார்கள். ஓரத்தில் இருப்பவருக்கு எதிரே பெரும்பாலும் ஒரு ஆள். சுற்றிக்கொண்டு ஓட இடமும் உண்டு. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் ஆள், எதிரணிச் சுவரின் நடுவில் நிற்கும் சென்டரும் கார்டும் சேர்ந்து நெருக்குவார்கள். டொனால்ட் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்த முறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படி இரண்டு பேரை எதிர்த்துத்தான். அந்த இடத்திலிருந்து 2018இல் 20.5 சாக் எடுத்தார். டிஃபென்சிவ் டாக்கிள் ஒருவரின் முந்தைய சாதனை கீத் மில்லார்ட் 1989இல் எடுத்த 18. வாட்டும் பல நேரம் உள்ளே வந்து ஆடியவர்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு குவாட்டர்பேக்குக்கு நடுவிலிருந்து வரும் நெருக்கடி வேறு மாதிரி. ஓரத்தில் ஒருவர் சுற்றி வந்தால் குவாட்டர்பேக் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்துத் தப்பிக்கலாம். நேர் எதிரே சுவர் இடிந்து விழுந்தால் அந்த ஒரு அடிக்கும் இடம் கிடையாது. தலையைத் தூக்கிப் பார்க்க முடியாமல் பந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இருவரையும் ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. வேட் ஃபிலிப்ஸ் என்ற மூத்த டிஃபென்ஸ் பயிற்சியாளர் 2011 முதல் 2013 வரை ஹூஸ்டனில் வாட்டுக்கும், 2017 முதல் 2019 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் டொனால்டுக்கும் பயிற்சியாளராக இருந்தார். வாட்டின் முதல் விருதும் டொனால்டின் முதல் இரண்டு விருதுகளும் அவர் காலத்தில் வந்தவை. அதனால் ‘இவருக்கு அமைப்பு சாதகம், அவருக்கு இல்லை’ என்ற வாதம் இங்கே அதிகம் எடுபடாது. அந்த அமைப்பை விட்டு வந்த பிறகும் வாட் 2014, 2015 விருதுகளை ரோமியோ கிரெனல் காலத்தில் வாங்கினார், டொனால்ட் 2020 விருதை பிராண்டன் ஸ்டேலி காலத்தில் வாங்கினார். திறமை இருவருக்கும் சொந்தம்.

சரி, அப்படியானால் எது தீர்மானித்தது? களத்தில் இருந்தது. எந்த ஆண்டு எடுத்தாலும், ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாரா என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020வரை ஒரு சீசனுக்கு 16 ஆட்டம், 2021 முதல் 17. வாட்டின் பன்னிரண்டு சீசன்களில் அவர் அணிகளுக்கு மொத்தம் 194 வழக்கமான ஆட்டங்கள். அவர் ஆடியது 151. தவறவிட்டது 43. அந்த 43இல் 42, 2016க்கும் 2021க்கும் இடையில் நான்கு சீசன்களில் போனவை. 2016இல் மூன்று ஆட்டத்தோடு முதுகு. 2017இல் ஐந்தாவது ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. 2019இல் எட்டு ஆட்டத்தோடு மார்புத் தசை கிழிந்தது. 2021இல் அரிசோனா கார்டினல்ஸுக்குப் போன பிறகு, ஏழாவது ஆட்டத்தில் தோள்பட்டை. அந்த ஏழாவது ஆட்டம் அவருடைய பழைய அணியான ஹூஸ்டனுக்கு எதிராக நடந்தது.

டொனால்டின் பத்து சீசன்களில் ராம்ஸ் ஆடியது 163. அவர் ஆடியது 154. தவறவிட்ட ஒன்பதில் ஒன்று 2017இல் சம்பளப் பேச்சுவார்த்தைக்காக வெளியே இருந்தது. இரண்டு, பிளேஆஃப் இடம் உறுதியான பிறகு கடைசி வாரத்தில் ஓய்வு கொடுக்கப்பட்டவை, ஒன்று 2017இல், ஒன்று 2023இல். காயத்தால் போனது 2022இல் கணுக்காலால் இழந்த ஆறு ஆட்டம் மட்டும். நடுவரிசையில், பாதிக்கு மேற்பட்ட முறை 300 பவுண்டுக்கு மேற்பட்ட இரண்டு பேர் மேலே விழும் இடத்தில், பத்து ஆண்டில் ஆறே ஆட்டம்.

இதையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் ஐந்து சீசன்களில் வாட் 80 ஆட்டம், 74.5 சாக். டொனால்ட் 78 ஆட்டம், 59.5 சாக். வாட் நன்றாகவே முன்னால் இருக்கிறார். அடுத்த ஐந்து சீசன்களில் வாட் 48 ஆட்டம், 26.5 சாக். டொனால்ட் 76 ஆட்டம், 51.5 சாக். முதல் பாதியில் வாட்டைப் பார்த்து ஜெர்சி வாங்கியவர், இரண்டாம் பாதியில் ஐந்தில் இரண்டு ஞாயிறுகளுக்கு அவர் ஓரமாக நிற்பதைத்தான் பார்த்தார். ஆண்டின் சிறந்த அணியான ஆல்-ப்ரோவில் முதல் நிலைத் தேர்வு வாட்டுக்கு ஐந்து, டொனால்டுக்கு எட்டு. நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வு வாட்டுக்கு ஐந்து, டொனால்டுக்குப் பத்தில் பத்து.

இதற்கு என் நண்பர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: காயம் என்பது அதிர்ஷ்டம், அதைத் திறமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாதி சரி. கால் ஊன்றிய இடத்தில் எலும்பு உடைவதற்கு யார் என்ன செய்ய முடியும்? 2017 காயத்தை வாட்டின் மேல் வைக்க எனக்கு மனம் வராது. மார்புத் தசை கிழிந்ததும் அப்படித்தான். ஆனால் முதுகு விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 2016 ஜூலையில் முதுகுத்தட்டுக்கு அறுவை சிகிச்சை. செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே இறங்கிவிட்டார். மூன்று ஆட்டம் தாங்கியது, மறுபடி அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. நான் மருத்துவன் இல்லை. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் முதுகு தாங்கியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உடைந்த கையோடு ஆடுவது, ஆறேழு வாரத்தில் திரும்புவது, மார்புத் தசை கிழிந்த பத்து வாரத்துக்குள் பிளேஆஃபுக்கு வந்து நிற்பது, இவை எல்லாம் ஒரே மனிதரின் ஒரே குணம். அந்தக் குணம்தான் அவரை வாட் ஆக்கியது. அதற்கான விலையையும் அதுவே கேட்டது என்று நினைக்கிறேன்.

டொனால்ட் பக்கம் வேறு கதை. 2017, 2018 இரண்டு ஆண்டும் புது ஒப்பந்தம் வேண்டும் என்று பயிற்சி முகாமுக்கே வரவில்லை. ஆகஸ்டு வெயிலில் தினமும் மோதி உடம்பைத் தேய்க்கும் அந்தக் காலம் முழுக்க அவர் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டும் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது அவருக்கே. ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்த பிறகு ராம்ஸ் அணி தன் முக்கிய ஆட்களைச் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் பெரும்பாலும் இறக்குவதில்லை. இதுவும் உடம்புக்கு லாபம். அவர் போலிக் கத்திகளைத் தட்டிவிட்டுக் கை வேகம் பழகும் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது விளம்பரத்துக்குச் செய்ததுபோலத் தெரியலாம். ஆனால் அவர் ஆட்டத்தின் ரகசியமே அந்தக் கைகள்தான். எதிரியின் கை தன் மார்பில் படுவதற்கு முன்பே அதைத் தட்டி விலக்கிவிட்டால், முழு மோதல் பாதியாகக் குறைகிறது. குள்ளம் என்று குறை சொன்ன அதே உடம்பு, எப்போதும் எதிரியைவிடத் தாழ்வாக இருந்ததால், அடியையும் குறைவாக வாங்கியது என்பது என் கணிப்பு. உயரமான வாட் ஒவ்வொரு முறையும் முதுகை வளைத்துத் தாழ வேண்டியிருந்தது.

இங்கே எனக்கு எதிராகப் போகும் ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும். வாட் மூன்றே ஆட்டம் ஆடிய 2016இல், விட்டுக்கொடுத்த யார்டு கணக்கில் ஹூஸ்டன் டிஃபென்ஸ்தான் லீகிலேயே முதலிடம். ஜடேவியன் க்ளவ்னியும் விட்னி மெர்சிலஸும் அந்த இடத்தை நிரப்பினார்கள். நட்சத்திரம் இல்லாவிட்டாலும் அணி ஓடும், அது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு வாட்டோடு இன்னும் சிலரும் காயத்தில் விழ, அதே அணி 4 வெற்றி, 12 தோல்வி என்று முடித்தது. ஓராண்டு சமாளிப்பதும், பத்தாண்டு ஒரு மனிதரை நம்பி அணியைக் கட்டுவதும் ஒன்றல்ல. ராம்ஸ் நிர்வாகம் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளை வரிசையாகக் கைமாற்றி ஜேலன் ராம்ஸி, மேத்யூ ஸ்டாஃபர்ட் போன்றவர்களைக் கொண்டுவந்தது. நடுவில் டொனால்ட் இருப்பார் என்ற உறுதி இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது.

பணக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2014 செப்டம்பரில் வாட் கையெழுத்திட்டது ஆறு ஆண்டுக்கு 10 கோடி டாலர். அன்றைக்கு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களில் ஆண்டுச் சராசரிச் சம்பளம் அதிகம் அவருக்குத்தான். ஆனால் காயங்கள் வந்த பிறகு அதை உயர்த்திக் கேட்கும் நிலை வரவே இல்லை. 2021 பிப்ரவரியில் அவரே விடுவிக்கச் சொல்லிக் கேட்டு, மரியாதையோடு ஹூஸ்டனை விட்டுப் போனார். டொனால்டுக்கு 2018இல் ஆறு ஆண்டுக்கு 13.5 கோடி டாலர். அது இன்னும் முடியாத நிலையிலேயே 2022 ஜூனில் ராம்ஸ் மறுபடி உட்கார்ந்து, மூன்று ஆண்டுக்கு 9.5 கோடி என்று மாற்றி எழுதியது. ஆண்டுகளைக் கூட்டாமல், வெறும் தொகையை மட்டும் 4 கோடி உயர்த்தினார்கள். 31 வயது முன்வரிசை ஆட்டக்காரருக்கு இப்படிச் செய்வது சாதாரணமில்லை.

பிளேஆஃப் பற்றி அதிகம் பேசினால் வாட்டுக்கு அநியாயம் ஆகிவிடும். ஹூஸ்டன் அணி அவர் காலத்தில் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றின் இறுதியான மாநாட்டு இறுதிப் போட்டிவரைகூடப் போகவில்லை. அதற்குக் குவாட்டர்பேக் முதல் பயிற்சியாளர் வரை பல காரணம். 2020 ஜனவரியில் பஃபலோவுக்கு எதிராக 13-0 என்று பின்தங்கியிருந்தபோது வாட் எடுத்த ஒரு சாக்கோடு ஆட்டமே திரும்பி 22-19 என்று முடிந்ததை மறக்க முடியாது. மார்புத் தசைக் காயத்திலிருந்து திரும்பிய முதல் ஆட்டம் அது. அடுத்த வாரம் கன்சாஸ் சிட்டியிடம் 24-0 முன்னிலையிலிருந்து 51-31 என்று தோற்றார்கள்.

டொனால்டுக்கும் கசப்பு உண்டு. 2019 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்திடம் 13-3 தோல்வி. 2021 ஜனவரியில் விலாவில் காயத்தோடு கிரீன் பேயில் இறங்கி, பாதி நேரம்தான் ஆட முடிந்தது, அணி வெளியேறியது. ஆனால் அதற்கடுத்த சீசனில் அவர் முடித்துவைத்த இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றனவே! சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான மாநாட்டு இறுதியில் அவர்களின் குவாட்டர்பேக் கரோப்பலோவைச் சுற்றி வளைத்தார்; கரோப்பலோ விழுந்துகொண்டே எறிந்த பந்து ராம்ஸ் கையில் சிக்கியது, 20-17. இரண்டு வாரம் கழித்து, 2022 பிப்ரவரி 13, சூப்பர் பவுல். ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. கடைசி ஒரு நிமிடத்துக்குள், சின்சினாட்டிக்குத் தேவை ஒரே யார்டு. மூன்றாவது வாய்ப்பில் பந்தோடு ஓடி வந்த சின்சினாட்டியின் பெரைனை டொனால்ட் அங்கேயே பிடித்து நிறுத்தினார். நான்காவதில் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவைப் பிடித்துச் சுழற்ற, பந்து யாரிடமும் போகாமல் விழுந்தது. அந்த ஆட்டத்தின் எம்விபி கோப்பை ராம்ஸின் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் கூப்பர் கப்புக்குப் போனது. என்னைக் கேட்டால் டொனால்டுக்குக் கொடுத்திருப்பேன்.

அதே பிளேஆஃபின் முதல் சுற்றில் ராம்ஸ் வீழ்த்திய அணி அரிசோனா, 34-11. தோள்பட்டை அறுவை சிகிச்சையிலிருந்து யாரும் எதிர்பாராத வேகத்தில் திரும்பி வந்து அந்த ஆட்டத்தில் இறங்கியவர் வாட். அவருடைய கடைசி பிளேஆஃப் ஆட்டம் டொனால்டின் அணிக்கு எதிராகவே அமைந்துவிட்டது.

களத்துக்கு வெளியே பார்த்தால் வாட்டின் பக்கம் தராசு நன்றாகவே சாயும். 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது 2 லட்சம் டாலர் திரட்டுவோம் என்று தொடங்கினார். 3.7 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. சமூகப் பணிக்காக என்எஃப்எல் கொடுக்கும் வால்டர் பேட்டன் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. ஹூஸ்டனில் இன்றும் அவருக்கு இருக்கும் மதிப்பு சாக்குகளால் மட்டும் வந்ததல்ல. டொனால்ட் தான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர், அங்கே கால்பந்துப் பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் கோபம் அவருடைய பலவீனம். 2022 ஆகஸ்டில் சின்சினாட்டியோடு நடந்த கூட்டுப் பயிற்சியில், கைகலப்பின் நடுவே கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வீசினார். யாருக்கும் பெரிய காயம் ஆகாதது அதிர்ஷ்டம். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். குழந்தைகளுக்கு ஒரு ஜெர்சி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இந்த ஒரு காரணத்துக்காகவே வாட்டைத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் புரியும்.

விலகியதில் இருவரும் ஒன்றுதான். ஆட்டம் கையில் இருக்கும்போதே போனார்கள். 2022 சீசனில் வாட்டின் இதயத் துடிப்பு தடம் மாறி, மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்க வேண்டி வந்தது. அந்த வாரமே ஆடினார். அக்டோபரில் மகன் பிறந்தான். 33 வயதில் 12.5 சாக் எடுத்த சீசனோடு போதும் என்றார். டொனால்ட் 2024 மார்ச்சில், 32 வயதில், எட்டாவது ஆல்-ப்ரோ தேர்வை வாங்கிய கையோடு விலகினார். கடைசி ஆட்டம் டெட்ராய்ட்டிடம் 24-23 என்று ஒரே புள்ளியில் தோற்றது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு அவரால் ஆடியிருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. விலகி ஐந்து ஆண்டு ஆன பிறகே ஹால் ஆஃப் ஃபேம் என்பதால், வாட்டின் பெயர் 2028 பட்டியலுக்கும் டொனால்டின் பெயர் 2029 பட்டியலுக்கும் வரும். இரண்டு பேருமே முதல் வாய்ப்பிலேயே உள்ளே போவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

யாருக்கு எது பொருந்தும் என்று கேட்டால், ஒரே ஒரு சீசனைப் பார்த்து டிஃபென்ஸ் ஆட்டம் என்றால் என்ன என்று மலைத்துப்போக விரும்புபவர் வாட்டின் 2014ஐ எடுங்கள். அதைவிடச் சிறந்தது என்னிடம் இல்லை. பந்து எறியும் நொடிக்கு முன் நடுவரிசையில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு டொனால்டின் 2018. அதில் அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக அவர் ஒரே நாளில் 4 சாக் எடுத்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். பந்தைப் பார்க்காமல் 99ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.